தனியே ஸ்கோர் செய்கிறவர்களின் கேள்விகள்

தூக்க ஆய்வகங்களில் வேலை பார்க்கும் வாசகர்களிடம் இந்த முறை கேள்விகள் கேட்டிருந்தோம். சான்றிதழ் பெற்ற ஸ்லீப் டெக்னாலஜிஸ்ட்டுகளோடு இணையத்தில் எப்படித் தொடர்பு வைத்துக்கொள்வது, யாரை நம்புவது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்றுதான் பெரும்பாலான கடிதங்கள். நீண்ட காலம் நைட் ஷிப்ட் பார்த்து, இப்போது புதியவர்களுக்கு ஸ்கோரிங், அதாவது இரவு முழுக்கப் பதிவான மூளை அலை, மூச்சு, அசைவுகளைப் பார்த்துத் தூக்க நிலைகளைக் குறிப்பது எப்படி என்று, கற்றுத்தரும் மூத்த டெக்னாலஜிஸ்ட் ஒருவர் பதில் சொல்கிறார்.

இரண்டு படுக்கை உள்ள சிறிய லேப். நைட் டெக்னாலஜிஸ்ட் நான் ஒருவன்தான். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதும் சில நாள் கழித்துத்தான். சான்றிதழ் பெற்றவர்களோடு ஆன்லைனில் பழக வேண்டும் என்று ஆசை. எங்கே ஆரம்பிப்பது, மேடம்?

வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் முதலில் எடுத்தேன். தனியாக ஸ்கோர் செய்கிறவரின் கண் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் போக்கில் நகர்ந்துவிடும். அது அவருக்குத் தெரிய வழியே இல்லை, ஏனென்றால் ஒத்துப் பார்க்க அருகில் இன்னொருவர் இல்லை. தொழில் நண்பர்கள் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். பேச்சுத்துணை அதோடு கூடவே கிடைக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி, அதாவது ஏ.ஏ.எஸ்.எம்., ஒரே பதிவைப் பலரிடம் கொடுத்து ஸ்கோர் செய்யவைத்து ஒப்பிடும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதில் 2,500-க்கும் மேற்பட்டவர்கள் ஸ்கோர் செய்ததை வைத்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தத்தில் ஒத்துப்போனது 82.6 சதவீதம். கனவு அதிகம் வரும் ரெம் தூக்கத்தில் 90.5. ஆனால் ஆழ்ந்த தூக்கமான என்3-இல் 67.4, தூக்கத்தின் தொடக்கமான என்1-இல் வெறும் 63. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் அனுபவசாலிகள், எல்லோர் கையிலும் ஒரே விதிப்புத்தகம்.

என்1 ஏன் குறைவு என்று நைட் ஷிப்ட் பார்க்கும் யாருக்கும் விளக்க வேண்டாம். விழித்துக் கண்மூடியிருக்கும்போது வரும் ஆல்ஃபா அலை எப்போது பாதிக்கும் கீழே இறங்கியது என்பதில் ஆளுக்கு ஆள் மாறும். என்3-இல் சிக்கல் வேறு. எபோக் எனப்படும் 30 வினாடித் துண்டில் 20 சதவீதம், அதாவது 6 வினாடி, மெதுவான அலை இருக்க வேண்டும். அது நெற்றிப்பக்க எலெக்ட்ரோடில் அளந்தால் 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்ட வேண்டும். வயதானவர்களுக்கு அலையின் உயரம் குறைந்துபோயிருக்கும். பார்வைக்கு ஆழ்ந்த தூக்கம் போலவே தெரியும், அளந்தால் 60, 65-தான் வரும். அளக்காமல் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர் அதை என்3 என்பார், அளந்து பார்ப்பவர் அதற்கு முந்தைய நிலையான என்2 என்பார். தனியே இருந்தால் எந்தப் பழக்கம் உங்களிடம் ஊறியிருக்கிறது என்பதே தெரியாது.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். பெரிய வாசலிலிருந்து சொல்கிறேன். டெக்னாலஜிஸ்ட்டுகளுக்கென்றே உள்ள அமெரிக்கச் சங்கம் ஏ.ஏ.எஸ்.டி.; 1978-இல் வேறொரு பெயரில் தொடங்கியது. வெபினார் நடத்துகிறார்கள், உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பேச இடம் தருகிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்களுக்கு ஏ.என்.இசட்.எஸ்.எஸ்.ஏ. இருக்கிறது. ஐரோப்பியத் தூக்க ஆராய்ச்சிக் கழகமும், உலகத் தூக்கச் சங்கமும் டாக்டர்களோடு டெக்னாலஜிஸ்ட்டுகளையும் சேர்த்துக்கொள்கின்றன. இதில் ஒன்றில் சேருங்கள். எல்லாவற்றிலும் சேர்ந்து எதையும் படிக்காமல் விடுவதைவிட ஒன்றே போதும்.

அதோடு நின்றுவிடாதீர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் இடத்தில் உங்கள் முகம் யாருக்கும் பதியாது. வெபினார் முடிவில் நல்ல கேள்வி கேட்கும் ஆட்களைக் கவனியுங்கள். மூன்று நான்கு பேரைக் கண்டுபிடித்து, ஒரே பதிவை மாதம் ஒருமுறை தனித்தனியாக ஸ்கோர் செய்து, பிறகு வீடியோ காலில் வித்தியாசங்களை மட்டும் பேசுவோமா என்று கேளுங்கள். நான் இருக்கும் குழு அப்படி உருவானதுதான். ஒருவருக்குப் பகல் என்றால் இன்னொருவருக்கு நடுராத்திரி. ஆனாலும் அந்தச் சந்திப்பை நாங்கள் விட்டதில்லை. ஒத்துப்போன எபோக்குகளை அங்கே தொடவே மாட்டோம். வேறுபட்டவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, நீ ஏன் இதை என்2 என்று போட்டாய் என்று கேட்போம். விதிப்புத்தகத்தின் எந்த வரி என்று காட்ட வேண்டும். “எனக்கு அப்படித் தோன்றியது” என்ற பதில் எங்கள் குழுவில் செல்லாது.

இதற்கென்று ஒரு சிறு தகவல், இளையவர்களுக்குச் சொல்ல எனக்குப் பிடிக்கும். இந்த 30 வினாடிக் கணக்கே காகித காலத்துச் சொத்து. வினாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் தாள் ஓடும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பக்கம் ஓட 30 வினாடி. 1968-இல் ரெக்ட்ஷாஃபன், கேல்ஸ் இருவரும் கொண்டுவந்த கையேடு அந்தப் பக்கத்தையே ஓர் எபோக்காக எடுத்துக்கொண்டது. 2007-இல் ஏ.ஏ.எஸ்.எம். கையேடு வந்து மூன்றாம், நான்காம் நிலைகளை ஒன்றாக்கி என்3 என்றது. தாள் போய்விட்டது, பக்க அளவு மட்டும் இன்னும் நம்மோடு இருக்கிறது.

பெயருக்குப் பின்னால் ஆர்.பி.எஸ்.ஜி.டி., ஆர்.எஸ்.டி., எஸ்.டி.எஸ்., சி.பி.எஸ்.ஜி.டி. என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். இதில் யார் சொல்வதை நம்பலாம்?

முதலில் எழுத்துகள். ஆர்.பி.எஸ்.ஜி.டி. என்பது பி.ஆர்.பி.டி. என்ற வாரியம் தரும் பதிவுச் சான்றிதழ். இந்தத் தொழிலில் பழையது, பல நாடுகளில் அறியப்பட்டது. அதே வாரியம் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குத் தருவது சி.பி.எஸ்.ஜி.டி.; நோயாளிகளுக்குத் தூக்க ஆலோசனை, சிகிச்சைத் தொடர்ச்சி பார்ப்பவர்களுக்குத் தருவது சி.சி.எஸ்.எச். ஆர்.எஸ்.டி. என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ வாரியம் தருவது. எஸ்.டி.எஸ். சுவாச சிகிச்சைத் துறையிலிருந்து வருகிறவர்களுக்கானது, என்.பி.ஆர்.சி. நடத்துகிறது. ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்ற சண்டையில் இறங்காதீர்கள். ஆன்லைனில் இந்தச் சண்டையில் வீணாகும் நேரத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

போட்டிருக்கும் எழுத்து உண்மையா என்று பார்க்க வழி உண்டு. பி.ஆர்.பி.டி. தன்னிடம் சான்று பெற்றவர்களின் பட்டியலை வைத்திருக்கிறது, பெயரைப் போட்டுத் தேடலாம். உங்களுக்குத் தொடர்ந்து வழிகாட்ட முன்வருகிற ஒருவரை, பணம் வாங்கிப் பயிற்சி தருகிற ஒருவரை, அதில் தேடிப் பார்ப்பது மரியாதைக்குறைவு ஆகாது. தேடலாமா என்று கேட்டால் நல்லவர்கள் சந்தோஷமாகத் தங்கள் எண்ணையே தருவார்கள்.

எழுத்து உண்மையாக இருந்தாலும், அந்த ஆள் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். மூச்சு முழுதும் நிற்காமல் குறைந்துபோகும் ஹைப்பாப்னியா ஒன்றைப் பற்றி நீங்கள் கேட்டால், உங்கள் லேப் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று அவர் திருப்பிக் கேட்கிறாரா? காற்றோட்டம் 30 சதவீதம் குறைந்து 10 வினாடி நீடித்தது என்பது வரை எல்லோருக்கும் பொது. அதற்குப் பிறகு, 3 சதவீத ஆக்ஸிஜன் இறக்கமோ, தூக்கம் சில வினாடி கலையும் அரௌசலோ இருந்தால் போதும் என்பது ஒரு விதி. 4 சதவீத இறக்கம் கட்டாயம் என்பது இன்னொன்று. ஒரே ராத்திரி, ஒரே நோயாளி, இரண்டு விதியில் இரண்டு எண்ணிக்கை வரும். சில சமயம் ஒன்றில் நோய் உண்டு, மற்றதில் இல்லை. இதைக் கேட்காமல் “இது ஹைப்பாப்னியாதான்” என்று உடனே அடித்துச் சொல்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன்.

ஒரு குரூப்பில் ஸ்கிரீனை போனில் படம் எடுத்துப் போட்டு “இது என்ன ஸ்டேஜ்?” என்று கேட்டேன். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் “படமே தெரியவில்லை” என்றார். அதோடு கேட்பதை விட்டுவிட்டேன். எப்படிக் கேட்க வேண்டும் அக்கா?

விட்டுவிடாதே தம்பி. நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதற்குக் காரணம், அவர்கள் ஆளுக்கொரு யூகம் செய்ய வேண்டியிருந்தது. யூகத்துக்கு இடமில்லாமல் கேட்டால் பதில் ஒரு பக்கம் சேரும். சேராவிட்டாலும் ஏன் சேரவில்லை என்பது தெரியும்.

ஓர் எபோக்கைத் தனியாகப் போடாதே. முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு எபோக் வேண்டும். நம் விதிகளில் பாதி, முன்னால் என்ன இருந்தது, அது எப்போது முடிந்தது என்பதைப் பொறுத்தவை. என்2 தொடர்வதும் ரெம் தொடர்வதும் அப்படித்தான். திரையை போனால் படம் எடுத்தால் அலை உடைந்து தெரியும். சாஃப்ட்வேரிலேயே சேமித்து எடு. எஃப்4-எம்1, சி4-எம்1, ஓ2-எம்1 என்ற மூன்று மூளை அலைச் சேனலும், இரண்டு கண் சேனலும், தாடைத் தசையைக் காட்டும் ஈ.எம்.ஜி.யும் தெரிய வேண்டும். ஃபில்டர் என்ன வைத்திருக்கிறாய் என்று எழுது. மூளை அலைக்கு, அதாவது ஈ.ஈ.ஜி.க்கு, 0.3-இலிருந்து 35 ஹெர்ட்ஸ் என்பது வழக்கம். அலை அழகாகத் தெரியட்டும் என்று யாரோ கீழ் எல்லையை 1-க்கு ஏற்றியிருந்தால் மெதுவான அலைகள் சுருங்கிப்போய், என்3-யே காணாமல் போகும். ராத்திரி தொடக்கத்தில் எலெக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவிலான மின்தடை, அதாவது இம்பிடன்ஸ், எவ்வளவு இருந்தது, 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவந்தாயா என்பதையும் சொல். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

நோயாளியின் வயது வரம்பு, சாப்பிடும் மருந்து வகை இரண்டையும் சேர். மருந்து ஏன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒரு தோழி சில எபோக்குகளை அனுப்பினார். கண் அசைவு ரெம் மாதிரி, ஈ.ஈ.ஜி. ரெம் மாதிரி, ஆனால் தாடை ஈ.எம்.ஜி. இறங்கவேயில்லை. விழிப்பா, ரெம்மா என்று அவருக்குக் குழப்பம். இன்னொருவர் கேட்ட முதல் கேள்வி, “மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா?” ஆமாம், எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. அந்த மருந்துகளில் ரெம்மின்போது தசை தளராமல் போவது உண்டு. இரண்டாவது கேள்வி, “வீடியோவில் அந்த நேரம் என்ன செய்கிறார்?” தோழி திரும்பிப் போய்ப் பார்த்தார், கை லேசாக வீசியிருந்தது. டாக்டருக்கான குறிப்பில் நேரத்தையும் அசைவையும் மருந்தையும் எழுதி வைத்தார். அது மருந்தாலா, கனவில் செய்வதை உடம்பும் செய்துவிடும் ரெம் நடத்தைக் கோளாறா என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. ஆனால் அவர் முடிவு செய்வதற்குத் தேவையானது அந்தக் குறிப்பில் இருந்தது. இரண்டு கேள்விகள், தூரத்திலிருந்து. இதற்காகத்தான் மனிதர்கள் வேண்டும் என்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உன் முடிவை முதலில் எழுது. “நான் இதை ஆர் (ரெம்) என்று போட்டேன், காரணம் இது, ஆனால் தாடை உறுத்துகிறது” என்று கேள். அப்படி எழுதும்போது பல சமயம் பதில் உனக்கே வந்துவிடும். வராவிட்டாலும், படிப்பவர் உன் சிந்தனை எங்கே தடுக்கிறது என்று பார்த்து அங்கேயே கை வைப்பார். “இது என்ன ஸ்டேஜ்” என்று மட்டும் கேட்டால் விடைதான் கிடைக்கும், அடுத்த முறை அதே இடத்தில் மீண்டும் நிற்பாய்.

ஆர்டிஃபாக்ட், அதாவது பதிவில் கலக்கும் பொய் அலை, பற்றிய கேள்விகளுக்கும் இதேதான். ஈ.சி.ஜி. கலக்கிறது என்றால் எந்த ரெஃபரன்ஸில், காதுக்குப் பின்னால் வைத்த எம்1-ஐ மறுபக்க எம்2-வாக மாற்றிப் பார்த்தாயா என்று எழுது. அலை மெதுவாகத் தூங்குமூஞ்சியாய் ஆடுகிறது என்றால் நோயாளிக்கு வியர்த்திருந்ததா, அறையைக் குளிர்வித்த பிறகு மாறியதா என்று எழுது. செய்து பார்த்ததைச் சொல்கிறவருக்கு உதவ எல்லோருக்கும் மனம் வரும்.

பெயரை வெட்டிவிட்டு ஸ்கிரீன்ஷாட் போட்டால் போதும்தானே?

போதாது. இந்தக் கேள்விக்கு நான் கடுமையாகத்தான் பதில் சொல்வேன்.

ஒருவர் நம்மை நம்பித் தூங்குகிறார். உடம்பெல்லாம் வயர், தலைக்கு மேல் கேமரா. அவரைப் பற்றிய எதுவும் அவர் அனுமதியில்லாமல், லேபின் அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது. பெயர் என்பது பல அடையாளங்களில் ஒன்றுதான். திரையின் மேல் பட்டையில் பதிவு எண் இருக்கும், கீழே தேதி இருக்கும், ஓரத்தில் மருத்துவமனை சின்னம் இருக்கும். டெக்னாலஜிஸ்ட் குறிப்பு வரிசையில் “மனைவி போன் செய்தார்” என்று கூட எழுதியிருப்போம். வீடியோ ஜன்னல் சின்னதாக ஒரு மூலையில் திறந்திருக்கும். அமெரிக்காவில் நோயாளி தகவலைக் காக்கும் ஹிப்பா விதிகளில் நீக்க வேண்டிய அடையாளங்கள் என்று 18 வகை பட்டியல் போட்டிருக்கிறார்கள். தேதிகளும் அதில் அடக்கம். உங்கள் நாட்டில் சட்டம் வேறாக இருக்கலாம், அந்தப் பட்டியலை அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

படத்தைவிட ஆபத்து, ஃபைலையே அனுப்புவது. தூக்கப் பதிவுகளைப் பரிமாற ஈ.டி.எஃப். என்ற வடிவம் 1992-இலிருந்து இருக்கிறது. அந்த ஃபைலின் தலைப்பில் நோயாளி அடையாளத்துக்கென்று 80 எழுத்து இடம், பதிவு அடையாளத்துக்கென்று இன்னொரு 80 எழுத்து இடம், அதன் பிறகு தொடங்கிய தேதி. ஃபைலின் பெயரை “கேஸ் 1” என்று மாற்றிவிட்டு, அடையாளம் போய்விட்டது என்று நிம்மதியாக அனுப்புகிறார்கள். உள்ளே பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தாலே முதல் வரியில் தெரியும். அடையாளம் நீக்கி ஏற்றுமதி செய்யும் வசதி உங்கள் சாஃப்ட்வேரில் இருக்கிறதா என்று பாருங்கள், செய்த பிறகு தலைப்பைத் திறந்து சரிபாருங்கள், மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மூன்றும் வேண்டும்.

அரிதான நோய் என்றால் அடையாளமே தேவையில்லை. வயதும் ஊரும் நோயும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். அந்த மாதிரிப் பதிவுகளை நான் குழுவுக்குக் கொண்டுபோவதே இல்லை.

பயிற்சிக்குப் பதிவு வேண்டுமென்றால் ஆராய்ச்சிக்காகப் பொதுவில் வைத்தவை இருக்கின்றன. பிசியோநெட்டில் ஸ்லீப்-ஈ.டி.எஃப். என்ற தொகுப்பு இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தூக்க ஆராய்ச்சி வள மையத்தில், ஸ்லீப் ஹார்ட் ஹெல்த் ஸ்டடி போன்ற பெரிய ஆய்வுகளின் பதிவுகளை விண்ணப்பித்து, அவர்களின் நிபந்தனைக்கு உட்பட்டுப் பெறலாம். அவற்றில் பல பழைய விதிப்படி ஸ்கோர் செய்தவை, எலெக்ட்ரோடுகளை இணைத்துக் காட்டும் மான்டேஜும் இன்றைய வழக்கம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் மாதச் சந்திப்பு பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான் நடக்கிறது.

சிபாப் டைட்ரேஷன் (மாஸ்க் வழியே தரும் காற்றழுத்தத்தை நோயாளிக்குத் தக்கபடி சரிசெய்வது) நடுவில் குரூப்பில் கேட்டேன். “பிரஷரை ஒரேயடியாக ஏற்று” என்றார் ஒரு சீனியர். எங்கள் டாக்டரின் உத்தரவு அப்படி இல்லை. எதைக் கேட்பது?

டாக்டரின் உத்தரவை. இதில் இரண்டாவது எண்ணமே வேண்டாம்.

அந்த நேரம் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். தூரத்தில் இருப்பவருக்கு மாஸ்க் கசிவு தெரியாது, வாய் திறந்திருப்பது தெரியாது, மல்லாந்து படுத்திருக்கிறாரா ஒருக்களித்தா என்பதும் தெரியாது. ஏ.ஏ.எஸ்.எம். 2008-இல் தந்த வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: 4 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் தொடக்கம்; ஏற்றும்போது குறைந்தது 1 சென்டிமீட்டர், ஒவ்வோர் ஏற்றத்துக்கும் நடுவில் குறைந்தது 5 நிமிடம்; 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உச்சம் 20, சிறுவர்களுக்கு 15. உங்கள் லேபின் எழுதிவைத்த நடைமுறை இதை ஒட்டித்தான் இருக்கும். எங்காவது தெளிவில்லாமல் இருந்தால் அன்றைய டூட்டி டாக்டருக்கு போன் செய்யுங்கள். இதயத்துடிப்பில் கோளாறு தெரிந்தால் குரூப்பைத் திறக்கவே கூடாது. லேபின் அவசர நடைமுறை, உடனே டாக்டர்.

மறுநாள், வேலை முடிந்து தூங்கி எழுந்த பிறகு, நடந்ததைக் குழுவில் பேசுங்கள். “இந்த அழுத்தத்தில் மல்லாந்த ரெம் கிடைக்கவில்லை, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்” என்று கேட்டால் நல்ல விவாதம் நடக்கும். அதில் உங்கள் லேபின் நடைமுறையையே மாற்றலாம் என்று தோன்றினால், டாக்டரிடம் பகலில் கொண்டுபோங்கள்.

தேர்வுக்குப் படிக்கிறேன். “ஒரிஜினல் கேள்விகள்” தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அவரைத் தொடர்பிலிருந்தும் நீக்குங்கள். தேர்வு எழுதுபவர் எல்லோரும் கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அதை விற்பவரும் வாங்குபவரும் சான்றிதழுக்கே உலை வைத்துக்கொள்கிறார்கள்.

பி.ஆர்.பி.டி.யின் விண்ணப்பதாரர் கையேட்டில் பாடப்பகுதிகள் விரிவாக இருக்கின்றன, தகுதி வழிகளும் அதில்தான். அவை அவ்வப்போது மாறுவதால் நண்பர் சொன்னதை வைத்துப் பணம் கட்ட வேண்டாம். இப்போதைய கையேட்டை நீங்களே படியுங்கள். கூடப் படிக்க இரண்டு பேரைத் தேடிக்கொண்டு, ஆளுக்கொரு பகுதியைப் பிரித்து, மற்றவருக்குப் பாடம் நடத்துங்கள். கால் அசைவு விதியை ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள்: ஓர் அசைவு அரை வினாடியிலிருந்து 10 வினாடி, ஒன்றின் தொடக்கத்துக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் நடுவில் 5-இலிருந்து 90 வினாடி, வரிசையாகக் குறைந்தது நான்கு. விளக்கும்போது அவர் “மூச்சு நின்றுபோகும் அப்னியா முடியும்போது வரும் கால் அசைவை எண்ணலாமா?” என்று கேட்பார். அங்கேதான் உண்மையான படிப்பு ஆரம்பிக்கும்.

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு பகல் வெபினாருக்கு எப்படி உட்காருவது?

உட்காராதீர்கள். தூங்குங்கள். தூக்கத்தைப் பற்றிய வேலை பார்க்கும் நாமே நம் தூக்கத்தைக் கடைசியில் வைப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை. பெரும்பாலான வெபினார்கள் பதிவாகக் கிடைக்கும். ஆர்.பி.எஸ்.ஜி.டி. புதுப்பிக்க 5 வருடத்தில் 50 தொடர்கல்வி மதிப்பெண். வருடத்துக்குப் பத்து என்று பிரித்துக்கொண்டால் விடுமுறை நாட்களிலேயே முடிந்துவிடும். கடைசி வருடத்துக்கு மொத்தமாகத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் ஷிப்ட் முடிந்த காலையில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

வீட்டிலேயே செய்யும் டெஸ்ட் வந்துவிட்டது, ஆட்டோ ஸ்கோரிங்கும் வந்துவிட்டது. இந்தத் தொழிலில் ஆட்கள் குறைந்துபோவார்கள் என்று குரூப்பில் பேசுகிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பேச்சிலேயே மூழ்காமல், வீட்டு டெஸ்ட் பார்க்கும் சகாக்களிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டபோது நிறையத் தெரிந்துகொண்டேன். வழக்கமான வீட்டு டெஸ்ட்டில் ஈ.ஈ.ஜி. கிடையாது. அதனால் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று தெரியாது. மூச்சுத் தடங்கல்களின் எண்ணிக்கையைப் பதிவான மொத்த நேரத்தால் வகுப்பார்கள். விழித்தே படுத்திருந்த இரண்டு மணி நேரமும் கணக்கில் சேர, எண் குறைந்துபோகும். அரௌசல் மட்டும் தரும் ஹைப்பாப்னியாக்கள் விட்டுப்போகும். “டெஸ்ட் நார்மல், ஆனால் பகலெல்லாம் தூக்கம்” என்று வரும் நோயாளியின் பதிவைத் திரும்பப் பார்த்து, இவரை லேபுக்கு அழைக்க வேண்டும் என்று டாக்டருக்குக் குறிப்பு எழுத ஆள் வேண்டும். மாஸ்க் ஒத்துவராமல் மூலையில் போட்டவரைத் திரும்ப உபயோகிக்க வைக்க ஆள் வேண்டும். ஆட்டோ ஸ்கோரிங் போட்ட என்1-ஐத் திருத்தவும் ஆள் வேண்டும். வேலையின் உருவம் மாறுகிறது. அதில் எந்தப் பக்கம் உங்களுக்குப் பிடிக்கிறது என்று இப்போதே பாருங்கள். நோயாளிகளோடு பேசுவது பிடித்தால் மேலே சொன்ன சி.சி.எஸ்.எச். வழி இருக்கிறது.

எனக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. குழுவில் எல்லோரும் அனுபவசாலிகள். சின்ன சந்தேகத்தைக் கேட்டால் “இதுகூடத் தெரியாதா” என்பார்களோ என்று வாயே திறப்பதில்லை. உதாரணத்துக்கு: என்1-இல் ஒரு கே-காம்ப்ளெக்ஸ் (தனித்து எழும் பெரிய மூளை அலை) வந்தது, உடனே அரௌசல். இதை என்2 தொடக்கம் என்று எடுக்கலாமா, மேடம்?

இதைச் சின்ன சந்தேகம் என்று யார் சொன்னது? பல வருடம் ஸ்கோர் செய்தவர்கள் தடுமாறும் இடம் இது.

எடுக்கக் கூடாது. என்2 தொடங்க, அந்த எபோக்கின் முதல் பாதியிலோ முந்தைய எபோக்கின் பின்பாதியிலோ, அரௌசலோடு சேராத கே-காம்ப்ளெக்ஸ் இருக்க வேண்டும், அல்லது ஸ்பிண்டில் எனப்படும் சிறு வேக அலைக்கொத்து இருக்க வேண்டும். கே-காம்ப்ளெக்ஸ் முடிந்து ஒரு வினாடிக்குள் அரௌசல் தொடங்கினால் அது அரௌசலோடு சேர்ந்தது. வேறு ஸ்பிண்டிலோ தனி கே-காம்ப்ளெக்ஸோ அங்கே இல்லையென்றால் என்1 என்றே தொடருங்கள். ஆனால் நீங்கள் அரௌசல் என்று சொல்வது உண்மையில் 3 வினாடி நீடித்ததா, அதற்கு முன் 10 வினாடி நிலையான தூக்கம் இருந்ததா என்று அளந்தீர்களா? 2 வினாடிதான் என்றால் அது அரௌசலே இல்லை, உங்கள் கே-காம்ப்ளெக்ஸ் என்2-வைத் தொடங்கிவைத்துவிடும். படத்தைப் பார்க்காமல் நான் இதற்கு மேல் சொல்ல முடியாது. அடையாளங்களை நீக்கி, அனுமதி வாங்கி, முன்பின் இரண்டிரண்டு எபோக்கோடு, உங்கள் முடிவையும் எழுதி இந்த வாரமே உங்கள் குழுவுக்கு அனுப்புங்கள். அந்த 3 வினாடியை எங்கிருந்து எங்கே வரை அளந்தீர்கள் என்று படத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்.